ஊதும் பையும் நீர்ப்பையும்

உதைபந்து விளையாடும் சிறுவன் ஒருவனிடம் ‘பிளாடர்’ என்றால் யாதென்று வினவினால், பந்தின் தோலுக்குள்ளே காற்றை அடைத்து வைக்கும் இறப்பர்ப் பை என்று உடனே விடை கூறுவான். வைத்தியசாலையிலிருந்து திரும்பும் முதியவரோ, அஃது அடிவயிற்றில் உள்ள உறுப்பு என்பார். இருவர் கூற்றும் சரியே. ஆயினும் அச்சொல்லின் பிறப்புக்கு அண்மையில் நிற்பவன் சிறுவன்தான்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘பிளாட்ரே’ என்றாற்போல வழங்கிற்று. ஊதுதல் என்னும் பொருள் தரும் மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து அது கிளைத்தது. ஊதுதலைக் குறிக்கும் இன்றைய ‘புளோ’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரின் வழிவந்ததே. எனவே ‘ஊதிப் பெருத்தது’ என்பதே அதன் முதற் பொருள். தோலில் எழும் கொப்புளத்தையும் பழைய ஆங்கிலேயர் அச்சொல்லாலேயே சுட்டினர். ஜேர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் இன்றும் கொப்புளத்தையே குறிக்கின்றது. அதன் பன்மை வடிவம் பெரியம்மைக்கும் பெயராயிற்று. உறுப்புக்கு ஜேர்மனியர் வைத்த பெயர் வேறு. ஆனால் அதுவும் ஊதுதல் என்னும் வினையிலிருந்து பிறந்ததே என்பது வியப்பன்றோ!

நீரை ஏந்தும் உறுப்புக்குக் காற்றின் பெயர் வந்தது எவ்வாறு? விடை மருத்துவன் மனையில் இல்லை. இறைச்சிக்காரன் முற்றத்திலே இருக்கின்றது. பன்றியை அறுத்தபின் அப்பையை எடுத்துக் கழுவி, குழலொன்றைச் செருகி ஊதி, வாயைக் கட்டி உலர்த்துவார்கள். சிறுவர்க்கு அது பந்து, நீந்துவோர்க்கு மிதவை, வீட்டுப் பெண்களுக்குக் கொழுப்பைச் சேமிக்கும் கலம். ஐரோப்பிய ஓவியர்கள் எண்ணெய் வண்ணங்களைக்கூட இத்தகைய பைகளிலேயே வைத்திருந்தனர். ஜோன் றாண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் 1841இல் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்ற பின்னரே அவ்வழக்கம் ஒழியலாயிற்று. பந்துக்குள் இருந்த பன்றிப் பைக்குப் பதிலாக இறப்பர்ப் பையை 1862 அளவில் புகுத்தியவர் இங்கிலாந்தின் றக்பி நகரத்து றிச்சட் லின்டன். நோயுற்ற விலங்கின் பையை வாயால் ஊதும் ஆபத்தும் அதனோடு நீங்கிற்று. பை மாறியது, பெயர் மாறவில்லை.

வடமொழியிலும் இதையொத்த ஒரு கதை உண்டு. ‘வஸ்தி’ என்பது அங்கே இவ்வுறுப்பின் பெயர். ஆயுர்வேத வைத்தியர் குடலுக்குள் மருந்துநீர் செலுத்த விலங்குகளின் வஸ்தியையே பையாகப் பயன்படுத்தினர். நாளடைவில் அச்சிகிச்சைக்கே வஸ்தி என்னும் பெயர் நிலைத்தது. தமிழ் வைத்தியத்திலும் அப்பெயர் வழங்குகின்றது.

தமிழ்ச் சொல் காற்றை நோக்கவில்லை. உள்ளே இருப்பதை நோக்கிற்று. சிறுநீர்ப்பை, பித்தப்பை, இரைப்பை என்று ஒவ்வொன்றும் தான் கொள்வதைத் தானே சொல்லிவிடுகின்றது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே சிறுநீரைச் சலம் என்பர். அதனாற் சலப்பை, சலக்கடுப்பு என்னும் சொற்கள் முதியோர் வாயில் எளிதாக வரும். சொல்வதற்குக் கூச்சமுள்ளோர் ‘அடிவயிறு’ என்று ஒதுங்கிக்கொள்வதும் உண்டு.

இவ்வேறுபாடு வெறும் அகராதிச் செய்தியன்று. ஆங்கிலத்தில் பித்தப்பையும் ஒரு ‘பிளாடர்’தான், முன்னே பித்தத்தைக் குறிக்கும் அடைச்சொல் ஒன்று சேரும், அவ்வளவே. வைத்தியர் சொன்னதில் அந்த அடைச்சொல்லை நழுவவிட்டு, “பிளாடரிலே கல்லாம்” என்று வீட்டார்க்குச் சொல்லும் நோயாளி எந்தப் பையைச் சொல்கின்றார்? கல் இரண்டிலும் உண்டாகும். ஒன்று வலப்புறத்தே ஈரலின் கீழ் ஒட்டியிருப்பது. மற்றது இடுப்பெலும்புக் கூட்டினுள் இருந்து, நீர் நிறையுந்தோறும் மேலெழுந்து விரிவது. பித்தப்பையை அகற்றிவிட்டாலும் பித்தம் ஈரலிலிருந்து நேரே குடலை அடையும். நோயாளி நலமாக வாழலாம். சிறுநீர்ப்பையை அகற்றினாலோ சிறுநீர் வெளியேறுவதற்குச் சத்திரவைத்தியர் வேறு வழி அமைத்தே ஆகவேண்டும். “சலப்பையிலே கல்” என்று கிழவி ஒருத்தி சொல்லும்போது, எந்தப் பை என்று எவரும் திருப்பிக் கேட்கவேண்டியதில்லை.