பழுது தோன்றும் இடமும் பிறக்கும் இடமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து செல்வோர் முதலில் அடையும் தீவு மண்டைதீவு. கடல் சூழ்ந்த அச்சிறு நிலத்தில் வாழ்வோர்க்கு நன்னீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மாரியிலே பெய்யும் மழைநீர் சுண்ணக்கல் நிலத்துள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கின்றது. அளவோடு அள்ளினால் அது நன்னீர். அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழுந்து விடும். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒருவர் இயந்திரம் வைத்து இறைக்க, அயலவருடைய கிணறு உவர்த்துப் போதல் கூடும். கிணற்றுக்குரியவரோ காரணம் அறியாது தம் கிணற்றையே மேலும் ஆழப்படுத்துவாராயின் நன்மை விளையாது, கேடே மிகும். பழுது தோன்றும் இடம் ஒன்று. அது பிறக்கும் இடம் பிறிதொன்று.

இவ்வுண்மையைக் கணினி வல்லுநர் 2008ஆம் ஆண்டில் மிக்க இடர்ப்பட்டுக் கண்டறிந்தனர்.

லினக்ஸ் என்னும் இயங்குதளம் 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. இன்று பல நாட்டு அறிஞர் கூடி அதனை வளர்த்து வருகின்றனர். கணினியின் உறுப்புக்கள் யாவற்றையும் ஆளும் அதன் நடுப்பகுதியைக் கரு என்பர். கணினியை வலையமைப்போடு இணைக்கும் அட்டையின் மொழி கருவுக்கு நேரே விளங்காது. இடையிலிருந்து இருபாலும் செய்தி கடத்தும் சிறு நிரலுக்கு இயக்கி என்பது பெயர். நகரையும் தீவையும் இணைக்கும் பாலம் போன்றது அது.

கருவின் புதிய பதிப்பு வெளிவரும்போது, முன்பு செவ்வனே நடந்த ஒன்று நடவாது போவதுண்டு. இதனைப் பின்னடைவு என்பர். அதனை ஆராய்வதற்கு எளிய முறை ஒன்றுளது. இரு பதிப்புக்களுக்கிடையே பத்தாயிரம் மாற்றங்கள் நிகழ்ந்திருப்பினும் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டுவதில்லை. நடுவில் உள்ள நிலையைச் சோதித்தால் பழுது முற்பாதியிலா பிற்பாதியிலா என்பது புலனாகும். அப்பாதியை மீண்டும் இரண்டாக்கலாம். இவ்வாறு பதினான்கு முறை சோதித்தால் குற்றமுடைய மாற்றம் தனித்து நிற்கும்.

ஆயினும், இம்முறையும் எளிதிற் பயன்படாத ஒரு பழுது 2008ஆம் ஆண்டில் தோன்றியது. 2.6.27 என்னும் பதிப்பு உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. இன்டெல் நிறுவனத்தின் சிலவகை ஈதர்நெட் அட்டைகள் திடீரெனச் செயலற்றுப் போயின. அட்டைக்குரிய எண்ணும் அமைப்பு விவரங்களும் பொறிக்கப்பட்ட நிலைநினைவகமே சிதைந்திருந்தது. பழைய பதிப்புக்குத் திரும்பினும் அட்டை உயிர்பெறவில்லை. பழுது எப்போதோ ஒருமுறைதான் நிகழ்ந்தமையால், ஒரு சோதனையில் அது தோன்றாமை கொண்டு அந்நிலை குற்றமற்றது எனத் துணிதல் இயலாது. தோன்றினாலோ சோதிப்பவரின் அட்டையே பாழாகும்.

ஐயம் முதலில் யார்மீது விழும்? ஈ 1000 ஈ என்னும் பெயருடைய இயக்கிமீதே விழுந்தது. திரைக்காட்சிக்குரிய நிரல்களையும் சிலர் ஐயுற்றனர். குற்றவாளி யாரென்பது துணியப்படுமுன்னரே ஒரு நற்காரியம் நிகழ்ந்தது. நிலைநினைவகத்தில் எவரும் எழுதாவண்ணம் காப்பிடும் மாற்றம் இயக்கியிற் சேர்க்கப்பட்டது. ஒக்டோபர் 9ஆம் நாள் 2.6.27 அக்காப்போடு வெளிவந்தது. தேள் எங்கிருந்து வந்தது என ஆராயுமுன் குழந்தையைத் தூக்கிக்கொள்வது போன்றது இச்செயல்.

உண்மைக் காரணம் பின்னரே வெளிப்பட்டது. அது வலையமைப்புக்குச் சற்றும் தொடர்பில்லாத எஃப்ட்ரேஸ் என்னும் கருவி. கருவினுள் எவ்வேலை எப்போது நடக்கின்றது எனத் தடம்பற்றிக் காட்டுவதற்காக ஸ்டீவன் ரொஸ்டெட் என்பவர் ஆக்கியது. அப்பதிப்பிலேதான் புதிதாகச் சேர்ந்தது. தான் பின்னர்ச் சென்று திருத்த வேண்டிய நினைவக இடங்களை அது ஒரு பட்டியலிற் குறித்து வைத்துக்கொள்ளும். ஆனால், தொடக்கத்தில் மட்டும் பயன்படும் நிரற்பகுதிகள் வேலை முடிந்ததும் அகற்றப்பட்டு, அவை இருந்த முகவரிகள் வேறு பயனுக்கு வழங்கப்படும். அவ்வாறு விடப்பட்ட முகவரி சிலவேளை வலையமைப்பு அட்டையின் நிலைநினைவகத்தை ஆளும் பகுதிக்குக் கிடைத்தது. பழைய தோம்பைக் கையிற்கொண்டு வந்த அலுவலர், காணி கைமாறியதை அறியாது வேறொருவர் வளவினுள் நுழைந்ததற்கு இது ஒப்பாகும்.

அக்கருவி எச்சரிக்கையின்றி எழுதவுமில்லை. எதிர்பார்த்த சொல் அங்கே இருந்தால் மட்டும் மாற்றுக என்றே கட்டளையிட்டது. ஆனால் அக்கட்டளையை நிறைவேற்றும் இயந்திரச் செயலானது, சொல் ஒவ்வாதவிடத்தும் இருந்ததையே திரும்ப எழுதிவிடும் இயல்புடையது. பொது நினைவகத்தில் அதனாற் கேடில்லை. சாதனத்தை ஆளும் பகுதியிலோ எழுதுதல் என்பதே ஓர் ஏவலாகும். அவ்வேவலாலேயே அட்டைகள் பாழாயின.

ஒக்டோபர் 15ஆம் நாள் வெளிவந்த 2.6.27.1 பதிப்பில் அக்கருவியின் இயங்குமுறைப் பகுதி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த 2.6.28இல், திருத்தவேண்டிய இடங்களை நிரல் கட்டப்படும்போதே திரட்டிக்கொள்ளும் புதிய முறை அமைந்தது. இவ்வளவும் மறைவின்றி யாவரும் காண நிகழ்ந்தது. கருவியை ஆக்கியவரும் பின்னாளிற் பொதுமேடையில் அதனை எடுத்துரைத்துள்ளார். கருவியும் கைவிடப்படவில்லை, திருந்திய வடிவில் இன்றும் லினக்ஸ் கருவில் நின்று, பிற பழுதுகளைத் தேடுவோர்க்குத் துணைபுரிகின்றது.

தீவிலிருப்போர் கடல்கடந்த உறவினரோடு அளவளாவுவதும், மாணவர் பாடம் பெறுவதும் இன்று இத்தகைய கண்காணா நிரல்களின் நேர்மையில் தங்கியுள்ளன. இணைப்பு அறுந்தபோது முன்னிற்கும் உறுப்பைப் பழித்து எறிந்துவிடுதல் எளிது. இழப்பு மேலும் பெருகாமல் முதலிற் காத்து, நேற்றிலிருந்து இன்று மாறியது யாது என முறையாக வினவி, விடை எத்திசையில் இட்டுச்செல்லினும் அத்திசையே செல்பவர்தாம் பழுதின் பிறப்பிடத்தை அடைவர். கிணறு உவர்த்ததாயினும் கணினி நின்றதாயினும், வழி அதுவே.