அவன் சொன்ன 'ஆமா'

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்தவள் நான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிகிச்சை என்று வரும்போது, அவர்களிடமே சம்மதம் கேட்கலாமா, அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் பேசப்போகிறாள் என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். சட்டம் கொஞ்சம்தான் வரும். நிறைய வரப்போவது எங்கள் பழைய மாணவன் ஒருவன்.

சேரன்மாதேவிப் பக்கத்துப் பையன். பையன் என்கிறேன், அப்போது அவனுக்கு வயது முப்பத்திரண்டு. வயிற்றில் குடலிறக்கம், ஆபரேஷன் செய்யவேண்டும். டாக்டர் படிவத்தை எடுத்ததுமே அவன் அம்மா பேனாவுக்குக் கையை நீட்டிவிட்டார். "அவன்ட்ட என்னத்தக் கேக்க டாக்டர்? எதக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவான்."

அம்மா சொன்னதில் பொய் இல்லை. "எய்யா, ஆபரேஷன் பண்ணிக்கிடுதியா?" என்று நான் கேட்டேன். "ஆமா டீச்சர்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆபரேஷன் வேண்டாம்லா?" என்றேன். "ஆமா டீச்சர்." எங்கள் பிள்ளைகள் பலர் இப்படித்தான். சின்ன வயதில் 'மாட்டேன்' என்று சொன்னபோதெல்லாம் அதட்டு வாங்கியவர்கள். 'ஆமா' சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மலரும் என்று கண்டுகொண்டவர்கள். அந்த ஆமாவை நம்பிக் கத்தியை எடுக்க முடியாது. அதற்காக, இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டினால் அதுவும் அநியாயம். தப்பு என் கேள்வியில் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், எனக்குப் பிடித்த இடம் இதுதான். அன்று ராத்திரி ஏழு அட்டைகளில் படம் வரைந்தேன். வயிற்றில் ஒரு புடைப்பு. பச்சைத் தொப்பி போட்ட டாக்டர். ஊசி. கண்ணை மூடிப் படுத்திருக்கும் ஆள். தையல். ஆஸ்பத்திரிக் கட்டில். கடைசியில், ஆற்றுப் படித்துறையில் கால் நனைக்கும் ஆள். ஓவியம் என்று சொல்லமாட்டேன், டாக்டருக்கு மீசை கோணிவிட்டது. மறுநாள் ஒவ்வொன்றாக வைத்தேன். கண்ணை மூடிய படம் வந்ததும், "மயக்க மருந்து குடுப்பாங்க" என்றேன். அட்டையைக் கவிழ்த்துவிட்டான். காத்திருந்தேன். வெகு நேரம் கழித்துத்தான் வாய் திறந்தான்: "தாத்தா மயங்கி விழுந்தாவ. அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

பாருங்கள், நேயர்களே! டாக்டருக்கும் எனக்கும் சாதாரணமான ஒரு சொல், அவனுக்குச் சாவு. 'மயக்கம்' என்பதை விட்டுவிட்டு 'தூக்க ஊசி' என்றேன். முந்தின மாதம் அதே ஊசி போட்டு எழுந்து வந்த பெரியவர் ஒருவரைக் காட்டினேன். அட்டை நிமிர்ந்தது.

அடுத்த நாள் அட்டையை அவன் கையிலேயே கொடுத்து, "தங்கச்சிக்கு நீயே சொல்லு" என்றேன். "வயித்துல ஓட்ட. தூங்கிருவேன். டாக்டர் தச்சிருவாரு. முழிச்சா வலிக்கும். ஆத்துல குதிக்கக் கூடாது." செய்யாவிட்டால்? புடைப்பைத் தொட்டு, "பெருசாவும்." அப்புறம்தான் சொன்னான், இதுவரை யாரும் அவனிடம் கேட்காத ஒன்றை: "இப்பம் வேண்டாம் டீச்சர். கொடை முடிஞ்சு." அம்மாவுக்குக் கோபம். டாக்டர் இன்னொரு தடவை வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மூன்று வாரம் தாங்கும், இடையில் வலி கூடினால் உடனே வரவேண்டும் என்றார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளத்தின் முன்னால் நின்றுவிட்டு வந்துதான் ஆபரேஷனுக்குப் படுத்தான்.

இப்போது சட்டம், சுருக்கமாக. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு கேட்பது மூன்றே கேள்விகள்: சொன்னது புரிகிறதா, செய்தால் என்ன செய்யாவிட்டால் என்ன என்று தெரிகிறதா, முடிவைப் பேச்சிலோ சைகையிலோ சொல்ல முடிகிறதா. மற்றவர்களுக்கு அந்த முடிவு தவறாகத் தெரிவதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று ஆகாது என்றும் சொல்கிறது. அது மனநோய்ச் சிகிச்சைக்கான சட்டம். எங்கள் பிள்ளைகளின் குறைபாட்டை மனநோயில் சேர்ப்பதில்லை. ஆனாலும் அந்த அளவுகோல் எங்களுக்கும் உதவுகிறது.

இன்னும் பழைய கதை ஒன்று. சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த, லேசான குறைபாடுள்ள ஓர் ஆதரவற்ற பெண், பலாத்காரத்தால் கருவுற்றாள். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவளோ பிள்ளை வேண்டும் என்றாள். 2009 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தியது. அவள் சம்மதமில்லாமல் கலைக்க முடியாது என்று ஆகஸ்டில் காரணங்களை விளக்கித் தீர்ப்பு எழுதிய மூவரில் ஈரோட்டுக்காரர் பி. சதாசிவமும் ஒருவர்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால், தாய் தகப்பன் என்பதாலேயே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவில் மனுக் கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் டாக்டர் இதற்கெல்லாம் காத்திருக்க மாட்டார். எவ்வளவு முயன்றும் புரியவைக்க முடியாத பிள்ளைகளும் உண்டு. அவர்களும் பிடிக்காத கை பட்டால் முகத்தைத் திருப்புவார்கள். அதையும் கவனிக்கத்தான் வேண்டும்.

முடிவெடுப்பது என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். உடல் முடியாதவரும் முடிவெடுப்பார் என்று இந்த வட்டாரம் அவரைப் பார்த்து ஒப்புக்கொண்டது. புத்தி மெதுவாக ஓடுபவர் விஷயத்தில் மட்டும் நமக்கு இன்னும் மனசு வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வரிசையில் இப்படி ஒருவரோடு நீங்கள் நின்றால், டாக்டரின் முதல் கேள்வி அவரைப் பார்த்து வரட்டும் என்று ஆசைப்படுகிறேன். என் ஏழு அட்டைகளையும் அவன் திருப்பித் தரவே இல்லை. தங்கச்சி பிள்ளைகளுக்கு அதை வைத்துக் கதை சொல்கிறானாம். கோணல் மீசை டாக்டர்தான் அதில் கதாநாயகன்.