ஓட்டுகிறவர்களுக்கு ஓட்டு

(நாமக்கல்லில் சைக்கிள் பந்தய வீரர்களும் அவர்தம் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

விடியுமுன் எழுந்து நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பெடல் மிதித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற என் இளம் நண்பர்களே!

சைக்கிளைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். நான் முட்டையைப் பற்றித் தொடங்கப் போகிறேன். சிரியுங்கள், தவறில்லை. தீவனத்துக்குக் கடன்பட்டு, கோழிக்கு நோய் வருமோ என்று இரவெல்லாம் கண்விழித்து, முட்டையைப் பொறுக்கித் தட்டில் அடுக்கி வைக்கிற சிரமம் முழுவதும் பண்ணைக்காரனுடையதாயிருக்க, அதற்கு விலை வைக்கும் அதிகாரம் மட்டும் கோழியின் முகத்தையே பாராத வியாபாரியிடம் இருந்த காலம் ஒன்று இருந்தது. 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஏற்பட்ட பிறகுதான், தன் பொருளுக்குத் தானே விலை சொல்லலாம் என்ற தைரியம் பண்ணைக்காரனுக்கு வந்தது. லாரிக்காரர்களையோ கேட்கவே வேண்டாம்; மாநில லாரி உரிமையாளர் சம்மேளனத்துக்கு இந்த ஊரே தலைமையிடம்; டீசல் விலை உயர்ந்தாலும் சுங்கக் கட்டணம் உயர்ந்தாலும் இங்கிருந்து புறப்படுகிற ஒரு சொல்லுக்குச் சென்னைக் கோட்டையில் காது கொடுக்கிறார்கள். கோழிக்காரருக்கு வாய் உண்டு, லாரிக்காரருக்கு வாய் உண்டு, அந்த லாரிக்கு ஒதுங்கிச் சைக்கிள் மிதிக்கிற பிள்ளைக்கு மட்டும் வாய் இல்லை என்பது இந்த ஊருக்கு அழகா?

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதி கொடுங்கள். நான் பந்தயம் ஓட்டிய நாளில், எந்தச் சங்கம் என்று சொல்லமாட்டேன், தை மாதத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். தை பிறந்தால் நம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் கொள்ளுக்கொடியையும் சோளக்கதிரையும் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று விட்டுவிடுவது வழக்கமென்பதை, அந்தச் சாலையில் தினமும் ஓட்டிய நாங்கள் அறிவோம். மேஜைமேல் படத்தை விரித்துப் பென்சிலால் கோடு கிழித்தவர்கள் அறியவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சொன்னோம். “ஓட்டுவது உங்கள் வேலை, பாதை போடுவது எங்கள் வேலை” என்று பதில் வந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் கொள்ளுக்கொடிமேல் நால்வர் விழுந்தோம். ஒருவனுக்குக் காறையெலும்பு முறிந்தது. அந்தப் பெரியவர்கள் துஷ்டர்கள் அல்லர். விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தங்கள் காரிலேயே கொண்டு போனார்கள், ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்தார்கள், அடுத்த வருஷமும் அதே பாதையைத்தான் போட்டார்கள். ஒரு நிர்வாகத்திடம் தயை இருந்து காது இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை அந்த ஆரஞ்சுப் பழம் எனக்குக் கற்பித்தது.

விளையாட்டை ஆளுகிறவர் வேறு, ஆடுகிறவர் வேறு என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது? பக்கத்துக் குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் அவர்கள் 1926 முதல் 1930 வரை சென்னை ராஜதானியின் முதன்மந்திரியாக இருந்தார். பின்னர் 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் விளங்கினார். அவருடைய யோக்கியதையை நான் குறை கூற வரவில்லை. ஆதரிக்கிறவரே ஆளவும் வேண்டும் என்பது அக்காலத்து நியாயம். ஆனால் சைக்கிளின் பிறப்பு வேறு விதமானது. 1938ஆம் ஆண்டு சிட்னி நகரத்து எம்பயர் விளையாட்டுகளில் இந்தியாவுக்காகச் சைக்கிள் ஓட்டிய ஜானகிதாஸ், பிற்காலத்தில் ஹிந்திப் படங்களில் நீங்கள் நடிகராகப் பார்த்த அதே மனிதர், சொராப் பூத் என்பவரோடு சேர்ந்துதான் இந்நாட்டுச் சைக்கிள் பந்தயத்துக்கு ஒரு தேசிய அமைப்பை உண்டாக்கினார். ஓட்டியவன் கட்டிய வீட்டில் ஓட்டுகிறவன் இன்று வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.

வெள்ளைக்காரன் நாட்டிலும் இந்த உரிமை தானாக வந்துவிடவில்லை. 1924ஆம் ஆண்டு பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில், புறப்படும்போது உடுத்தியிருந்ததை எல்லாம் முடிக்கும்போதும் உடுத்தியிருக்க வேண்டும் என்று ஒரு விதி. விடியற்காலைக் குளிருக்கு இரண்டு பனியன் போட்டவன், வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றி எறியக் கூடாதாம்! முந்தின ஆண்டில் வெற்றி பெற்ற ஹென்றி பெலிசியே என்ற மகா வீரனின் சட்டையைத் தூக்கி உள்ளே எத்தனை பனியன் என்று எண்ணிப் பார்த்தார் ஓர் அதிகாரி. அவமானம் பொறுக்காமல் அவன் குட்டான்ஸ் என்ற ஊரில் பந்தயத்தை விட்டே இறங்கிவிட்டான். 1978 ஜூலை 12ஆம் தேதி, ஒரே நாளில் இரண்டு ஓட்டம் வைத்து, இடையில் தூங்கவும் விடாமல் அலைக்கழித்ததை எதிர்த்து, அதே பந்தயத்தின் வீரர்கள் அனைவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே எல்லைக் கோட்டைக் கடந்தார்கள். முன்னால் நடந்தவன் இருபத்துமூன்று வயது பெர்னார்ட் ஈனோ. சர்வதேசச் சைக்கிள் சங்கம் 1900இல் பிறந்தது; தொழில்முறை ஓட்டக்காரர்களுக்கென்று உலகளாவிய சங்கமோ 1999இல்தான் வந்தது. பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டது 2017 டிசம்பரில்.

1999இல் வந்த அந்த உலகளாவிய சங்கத்திலும் ஒரு வேடிக்கை. 2018இல் அதற்குத் தலைவர் தேர்தல் நடந்தபோது, சில நாடுகளின் வீரர்கள் அத்தனை பேரின் ஓட்டையும் அந்த நாட்டுக் கிளை மொத்தமாகப் போட்டுவிடலாம் என்றிருந்தது. கிளை இல்லாத நாட்டு வீரனோ இன்ஸ்புரூக் நகரத்துக்கு நேரில் வந்தால்தான் ஓட்டு. 379க்கு 96 என்று முடிவு வந்தது. வென்ற ஜியான்னி புக்னோவும் பெரிய வீரர்தான்; அவரை ஆட்சேபிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் வீரர்கள் பேரால் நடக்கிற சபையிலும் வீரன் கையிலிருந்து ஓட்டு நழுவிப் போகக்கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள்; நான் இங்கே சொல்ல வந்த விஷயமே அதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். விளையாட்டுச் சம்மேளனங்களில் நான்கில் ஒரு பங்காவது ஓட்டுரிமையுள்ள வீரர்கள் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு தேசிய விளையாட்டு விதித்தொகுப்பே கூறியது. கூறியது கூறியபடி கிடக்க, 2022 ஜூனில் ஸ்லோவேனியாவில் பயிற்சிக்குப் போயிருந்த நம் சைக்கிள் வீராங்கனை ஒருவர், தம் பயிற்சியாளர் முறைதவறி நடந்தார் என்று இந்திய விளையாட்டு ஆணையத்துக்கே எழுத வேண்டி வந்தது. பயிற்சியாளரின் ஒப்பந்தம் ரத்தாயிற்று. அணி முழுவதும் திரும்ப அழைக்கப்பட்டது. பெண்கள் போகும் அணியோடு பெண் பயிற்சியாளர் ஒருவர் கட்டாயம் போக வேண்டுமென்ற உத்தரவு அதன் பிறகு வந்தது. தாய்மார்களே, பெண்பிள்ளையை அன்னிய தேசத்துக்கு அனுப்பும்போது துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்பது உங்களில் யாருக்குத் தெரியாது? நிர்வாகச் சபையில் இரண்டு வீராங்கனைகள் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்களே!

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறிற்று. ஒவ்வொரு தேசிய அமைப்பின் செயற்குழுவிலும் அதிகபட்சம் 15 பேர், அவர்களில் குறைந்தது இருவர் சிறந்த விளையாட்டு வீரர்கள், நால்வர் பெண்கள், தனியாக ஒரு வீரர்கள் குழு என்று அது வகுக்கிறது. வரவேற்கிறேன்; மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆயினும் நாற்காலியைப் போட்டவர்களே அதில் உட்காருகிறவரையும் பொறுக்கி எடுப்பார்களானால், அது பிரதிநிதித்துவம் ஆகுமா, உபசாரம் ஆகுமா? 2022இல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் வீரர்கள் குழுவுக்குத் தேர்தல் மூலம் வந்த 10 பேரும் ஒலிம்பிக் கண்டவர்கள். நம் சென்னையின் சரத் கமலும் பவானி தேவியும் அதில் உண்டு. சைக்கிள்காரர் ஒருவரும் இல்லை. எப்படி இருப்பார்? 1964இல் டோக்கியோவுக்குப் போனதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் இந்தியச் சைக்கிளே ஓடவில்லையே. மேலும், டில்லியில் எத்தனை நாற்காலி போட்டாலும் கொள்ளுக்கொடிமேல் பாதை போடுவது மாவட்டத்தில்தான். ஆகவே என் கோரிக்கை மாவட்டத்திலிருந்து தொடங்குகிறது: கடந்த மூன்று ஆண்டில் பந்தயம் ஓட்டிய, பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ரகசிய ஓட்டு, அந்த ஓட்டால் இருவர், அதில் ஒருவர் பெண், மாவட்டச் சைக்கிள் சங்கத்தின் நிர்வாகத்தில் முழு ஓட்டுரிமையோடு அமர வேண்டும், பாதையும் பாதுகாப்பும் அவர்கள் கையெழுத்தில்லாமல் முடிவாகக் கூடாது. அண்ணா பிறந்தநாளில் நடக்கிற மிதிவண்டிப் போட்டியில் சாதாரணச் சைக்கிளோடு வந்து நிற்கிறானே பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுவன், அவனுக்காக அந்த இருவரும் அவன் பெற்றோரைக் கலந்து பேசட்டும்.

“பையன்களுக்குக் கணக்கு வழக்கு என்ன தெரியும்?” என்பார்கள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. எந்த வளைவில் எத்தனை மூச்சைச் செலவழிப்பது, மேலே போக எவ்வளவு மிச்சம் வைப்பது என்று பார்த்துப் பார்த்து ஏறுகிறவனுக்கா வரவு செலவு தெரியாது? “தன்னையே அணிக்குத் தேர்ந்தெடுத்துக் கொள்வானே” என்பார்கள். இது நியாயமான ஆட்சேபம், ஒப்புக்கொள்கிறேன். அணித் தேர்வு நடக்கும்போது அவன் எழுந்து வெளியே போகட்டும். அந்த விதி, பிள்ளையையும் மருமகனையும் அணியில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்தே எழுதப்படட்டும்.

மேடைக்கு இடப்புறம் இந்தக் கோரிக்கைக்காக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறது. பெயர், வயது, கடைசியாக ஓட்டிய பந்தயம், இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். பதினெட்டு நிரம்பாதவர்களுக்காகத் தாயோ தகப்பனோ இடலாம். சங்கத்துக்கு ஒரு பிரதி, மாவட்ட விளையாட்டு அலுவலருக்கு ஒரு பிரதி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், சைக்கிளில்.