நம்ம தட்டுக்கும் ஒரு கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியரான குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சத்தான உணவைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. இந்தத் தலைப்பில் நீங்க நிறையக் கேட்டிருப்பீங்க. கீரை சாப்பிடுங்க, பழம் சாப்பிடுங்க, முட்டை சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எது சத்துன்னு நமக்குத் தெரியாதா? தெரியும். அந்தச் சத்தை வீட்டில் யார் தட்டில் வைக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்னைக்கு நான் பேசப் போறேன்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதன்முதலா தொடங்கினது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். குழு நமக்குக் கத்துக்கொடுத்த முதல் பாடம் கணக்கு. சேமிப்பு, கடன், வட்டி, அபராதம் எல்லாத்துக்கும் எழுத்து உண்டு. ஒரு ரூபாய் இடிச்சாலும் கூட்டத்தை முடிக்க விடமாட்டோம். ஆனா வீட்டில் குழம்பை இறக்கி வச்சதும் அந்தக் கணக்கு எங்கே போகுது? வேலைக்குப் போற வீட்டுக்காரருக்கு முதலில். பள்ளிக்கூடம் போற பிள்ளைகளுக்கு அடுத்து. அப்புறம் மாமனார், மாமியார். சட்டியில் என்ன மிச்சமோ அது நமக்கு. முட்டையை எண்ணி வேக வைக்கும்போது நம்ம தலையை விட்டுட்டுத்தான் எண்ணுறோம்.

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கின முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறது யாரு? நம்ம குழுப் பெண்கள்தான். அங்கே ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ரவை, எவ்வளவு பருப்புன்னு கிராம் கணக்கில் அளவு உண்டு. அளவு குறையாம சமைச்சுப் போடுறோம். அப்படிச் சமைச்சுப் போடுற அதே பெண் காலையில் என்ன சாப்பிட்டாள்னு கேட்டா, ஒரு டீ. இல்லேன்னா நேத்து சோத்தில் ஒரு கை. இதுக்கு அளவும் கிடையாது, கேட்கிறதுக்கு ஆளும் கிடையாது.

இதனால என்ன ஆகுது? 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. இந்த மண்டபத்தில் ஒருத்தி விட்டு ஒருத்தி என்று வச்சுக்கோங்க. கர்ப்பமா இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்கணும். கர்ப்பிணிக்கு 11. அதுக்குக் கீழே போனா ரத்தசோகை.

இன்னொரு கணக்கும் சொல்றேன். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவுப்படி, ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேணும். பெண்ணுக்கு 29. மாசாமாசம் ரத்தம் போற உடம்பு, அதனால் நமக்குக் கூடுதலா வேணும். ஆனா கூடுதலா வேண்டியவள்தான் வீட்டில் கடைசியா உட்கார்ந்து குறைச்சலா சாப்பிடுறாள்.

நாலு படி ஏறினா மூச்சு வாங்குது, உட்கார்ந்து எழுந்தா கண்ணை இருட்டுது, சாயங்காலம் ஆனா கை கால் விட்டுப்போகுது. இதையெல்லாம் வேலை அலுப்புன்னு சொல்லிட்டுப் போறோம். பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக்குச்சி தின்னணும்னு ஆசை வர்றதும் ரத்தசோகைக்கு ஒரு அறிகுறியா இருக்கலாம். சிரிக்காதீங்க, எத்தனையோ பேர் என்கிட்ட ரகசியமா சொல்லியிருக்காங்க. வங்கி நமக்கு அடமானம் இல்லாம கடன் கொடுக்குது. அந்தக் கடனுக்கு மாடு மேய்க்கிறதும், தையல் மெஷின் மிதிக்கிறதும், கூலி வேலைக்குப் போறதும் இந்த உடம்புதான். உடம்பு படுத்துட்டா தவணையும் படுத்துடும்.

அதனால நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. குழுவில் முதலில் சேமிப்பைக் கட்டுறோம், அப்புறம்தான் கடன் பேச்சு. செலவு போக மிச்சத்தைச் சேமிப்போம்னா ஒருநாளும் சேமிக்க முடியாதுன்னு நமக்குத் தெரியும். சோத்துக்கும் அதே விதிதான். எல்லாரும் சாப்பிட்ட மிச்சத்தை நான் சாப்பிடுறேன்னா ஒருநாளும் நமக்குச் சத்து வராது. சமைச்சு இறக்கினதும் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பங்கு போடுங்க. உங்க பங்கு பருப்பு, கீரை, முட்டையை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைங்க. அப்புறம் பரிமாறுங்க.

"மாமியார் என்ன சொல்லுவாங்களோ" என்று சிலர் யோசிக்கிறது எனக்குத் தெரியுது. உங்க கிண்ணத்தோடு மாமியாருக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைங்க. அவங்களும் அந்தக் காலத்தில் கடைசியா சாப்பிட்டு வந்தவங்கதான். பொம்பளைப் பிள்ளை இருந்தா அவளுக்கும், அவ அண்ணன் தம்பிக்கும் சம அளவா வைங்க. வயசுக்கு வந்த பிள்ளைக்கு இரும்புச்சத்து கூடுதலாவே வேணும்.

சரி, நேரம் எங்கே இருக்குன்னு கேட்பீங்க. நேரம் இல்லாத வீட்டுக்குத்தான் இதைச் சொல்றேன். ராத்திரி படுக்கும்போது ஒரு கைப்பிடி கொள்ளோ, பச்சைப்பயறோ, தட்டைப்பயறோ ஊற வைங்க. காலையில் குக்கரில் வச்சு விசில் விட்டா காலைக்கும் மதியத்துக்கும் ஆச்சு. முருங்கைக்கீரையை வாரம் ஒரு நாள் உருவி, நிழலில் காய வச்சு, பொடிச்சு டப்பாவில் வைங்க. அடை மாவிலும், சாம்பாரிலும், களியிலும் ஒரு கரண்டி போட்டா போதும். கீரை ஆயலையேன்னு கவலை இல்லை. வேர்க்கடலையை ஒரே நாளில் வறுத்து வச்சுட்டா, பசிக்கிறப்போ ஒரு கை போட்டுக்கலாம்.

கேழ்வரகு நம்ம ஊர்ச் சாப்பாடு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கு. அதே அளவு பசும்பாலில் சுமார் 120-தான். ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிற திட்டமும் 2023-ல் முதலில் தொடங்கினது நம்ம மாவட்டத்திலும் நீலகிரியிலும்தான். களி கிண்டினா கௌரவக் குறைச்சல்னு நினைக்காதீங்க. ராகியை முளைகட்டி அரைச்சாலும், கூழை ராத்திரி புளிக்க வச்சாலும் அதிலுள்ள சத்து உடம்பில் இன்னும் நல்லாச் சேரும்.

ரேஷன் அரிசியில் நிறம் கொஞ்சம் மாறி சில மணிகள் கிடக்கலாம். பிளாஸ்டிக் அரிசின்னு பயந்து பொறுக்கிப் போடுறவங்க இருக்காங்க. அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாதிரியே செஞ்ச மணி. 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்பது கலக்கிற அளவு. தண்ணியில் மிதந்தாலும் தள்ளாதீங்க. கஞ்சியை வடிச்சுக் கொட்டாம, அளவுத் தண்ணி வச்சுப் பொங்கினா சத்து வீணாகாது.

அடுத்தது டீ. சாப்பிட்ட கையோடு டீ குடிச்சா, கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க விடாம டீ தடுக்கும். டீயை நிறுத்தச் சொல்லலை, சொன்னா நீங்க என்னை இறக்கி விட்டுடுவீங்க. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்க, அவ்வளவுதான். அதே சாப்பாட்டில் அரை மூடி எலுமிச்சை பிழிஞ்சாலோ, ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கிட்டாலோ இரும்புச்சத்து கூடுதலா உடம்பில் சேரும். இதுக்குப் பெரிய செலவு இல்லை.

செலவுன்னு வந்தா ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பிள்ளைக்குத் தினம் 10 ரூபாய் சிப்ஸ் பாக்கெட். ரெண்டு பிள்ளைக்கு 20. மாசம் 600 ரூபாய். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். கார்டுக்கு மாசம் ஒரு கிலோதான் கிடைக்கும், மீதிப் பணத்துக்கு முட்டை எத்தனை, வேர்க்கடலை எத்தனை கிலோன்னு உங்க ஊர் விலையில் நீங்களே போட்டுப் பாருங்க. பிள்ளை அழுதா எப்போதாவது வாங்கிக் கொடுங்க. தினம் வாங்கினா அந்தக் காசில் உங்க முட்டையும் சேர்ந்துதான் போகுது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். சாப்பாடு மட்டுமே எல்லாத்தையும் சரி பண்ணிடாது. மாதவிடாயில் ரத்தம் அதிகமா போகுதுன்னா, வயித்தில் பூச்சி இருந்தா, எத்தனை கீரை தின்னாலும் ரத்தம் ஏறாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்க்கிறது இலவசம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தா மலம் கருப்பா போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தாதீங்க. வயிறு புரட்டினா சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. அதுக்கும் கேட்கலைன்னா டாக்டரிடம் சொல்லுங்க, தலையணைக்கு அடியில் ஒளிச்சு வைக்காதீங்க.

கடைசியா ஒரு கோரிக்கை. வீட்டில் தனியா நின்னு "என் பங்கு எங்கே"ன்னு கேட்கிறது எல்லாருக்கும் சுலபம் இல்லை. மதுக்கடையாகட்டும், கந்துவட்டியாகட்டும், தனியா கேட்க முடியாததைக் குழுவா சேர்ந்துதானே கேட்டோம்? இதையும் அப்படியே செய்வோம். ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் ரெண்டு வரி எழுதணும். ஒண்ணு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து போய் ஹீமோகுளோபின் பார்க்கிறது. ரெண்டு, சேமிப்பு வசூலிக்கும்போதே ஊக்குநர் ஒவ்வொருத்தரிடமும் "நேத்து உன் பங்கை எடுத்து வச்சியா?" என்று ஒரு கேள்வி கேட்கிறது.

சேமிப்பைக் கட்டலைன்னா கேள்வி கேட்கிற குழு, சாப்பிடலைன்னாலும் கேள்வி கேட்கட்டும். மதியச் சாப்பாடு தயாரா இருக்கு. கூட்டமைப்பு நிர்வாகிகள் பரிமாறிட்டுக் கடைசியா சாப்பிடலாம்னு நினைச்சிருப்பீங்க. வேண்டாம், இன்னைக்கு எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவோம்.