நகரக் கல்லூரியில் நம் பிள்ளைகளின் பாதுகாப்பு

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் நிகழ்ச்சியில் ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்றால் வாழ்த்திப் பேசுவது மரபு. வாழ்த்துவதற்குரிய பணிகளை இக்கழகம் நிறையவே செய்திருக்கின்றது. ஆயினும், நேற்று மாலை இப்பந்தலில் ஒரு தந்தை கேட்ட கேள்வி என்னை இரவு முழுவதும் உறங்கவிடவில்லை. அவருடைய மகன் இவ்வாண்டு சென்னையில் ஒரு கல்லூரியில் சேர இருக்கின்றான். அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் முதல் பிள்ளை அவன். "ஐயா, யார் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடு, ஊரையும் தெருவையும் எவரிடமும் சொல்லாதே என்று புத்தி சொல்லியிருக்கிறேன். சரிதானே?" என்று அவர் கேட்டார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. என் தந்தையாரும் இதே சொற்களைக் கூறித்தான் என்னை வழியனுப்பி வைத்தார். அன்னாருக்குக் கூற வேண்டிய விடையை இப்பொழுது உங்கள் அனைவர் முன்னிலையிலும் கூறுகின்றேன்.

அந்த அறிவுரை அன்பினால் பிறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அது பிள்ளையைக் காக்காது. ஒளிந்து வாழ்பவன் தனியனாகின்றான். தனியனாக இருப்பவனையே தீமை முதலில் தேடி வருகின்றது.

இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939ஆம் ஆண்டு வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், கோயமுத்தூரில் பயின்ற நாள்களை நினைவு கூர்கின்றார். உடன் பயிலும் மாணவர்களோடு பழகினால் தம் சாதியையும் குடும்பத்தையும் இருப்பிடத்தையும் அறிந்து இழிவாக நடத்துவார்களோ என்று அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு கலைந்ததும் பிறர் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு சேர்வார். பிற்காலத்தில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் உரிமைக்காக வாதாடிய பெருமகனாரின் மாணவப் பருவம் இவ்வாறு கழிந்தது.

அண்ணல் அம்பேத்கர் வாழ்வையும் எண்ணிப் பாருங்கள். நியூயார்க்கிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அவர், 1917ஆம் ஆண்டு பரோடா அரசுப் பணியில் சேரச் சென்றபோது தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். சில நாள்களில் செய்தி வெளிப்பட்டது. தடிகளுடன் ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. நண்பர்கள் இருவரை அணுகினார். இருவரும் சாக்குக் கூறினர். மறைத்த பெயர் அவரைக் காக்கவில்லை. அந்நகரில் அவருக்குத் துணை நிற்கவும் ஒருவர் இல்லை.

அத்தகைய பெரியோர் முன் என்னைப் பற்றிக் கூறுவது பொருந்தாது எனினும், ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். விடுதியில் சேர்ந்த முதல் வாரம் மூத்த மாணவன் ஒருவன், "எந்த ஊர்?" என்று கேட்டான். சொன்னேன். "எந்தத் தெரு?" என்றான். பொய் சொன்னேன். இரண்டு மாதத்தில் அவன் உண்மையை அறிந்துகொண்டான். அதன் பின் அவன் துணிகளைத் துவைத்தேன். அவன் பாடக் குறிப்புகளை எழுதினேன். வெளியே சொல்லிவிடுவானோ என்ற அச்சத்தில் வாய் திறவாதிருந்தேன். பின்னர் நம் மக்களுள் ஒருவரான இறுதியாண்டு மாணவர் ஒருவர் இதை அறிந்து, ஒரு மாலை என் அறையில் வந்து அமர்ந்து படிக்கத் தொடங்கினார். மறுநாளும் வந்தார். அவர் எவரையும் அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. துணி கொண்டு வந்தவன் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். பிறகு அவன் வரவேயில்லை. துணை என்பதன் பொருளை அன்று நான் கற்றேன்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு அத்துணையோடு சட்டமும் உண்டு. அன்று எனக்கு இல்லாத காவல் அது.

1996ஆம் ஆண்டு சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் பகடிவதையின் பெயரால் கொல்லப்பட்டபோது தமிழகமே நடுங்கியது. 1997ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி பகடிவதை செய்தவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். முறையீட்டைப் பெற்ற கல்லூரித் தலைவர் விசாரிக்கக் கடமைப்பட்டவர். வாளாவிருந்தால் அவரே குற்றத்திற்கு உடந்தை ஆகின்றார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. சாதியைச் சுட்டித் துன்புறுத்துவதும் பகடிவதையே என்று 2016ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. 1800-180-5522 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் முறையிடலாம்.

பிறர் காதில் விழும்படி, பொதுப் பார்வைக்குரிய இடத்தில் சாதிப் பெயர் கூறி இழித்துரைப்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகின்றது. இதற்கென உள்ள தேசிய உதவி எண் 14566.

நம் பெண்மக்களுக்கு ஒரு சொல். கல்லூரியில் பாலியல் தொல்லை நேர்ந்தால் பழி உங்கள் மீது அன்று. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளகக் குழு ஒன்று இருத்தல் வேண்டும். பொதுவாக 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். அக்குழுவில் இருப்போர் யார் என்பதைக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது, சான்று வேண்டும். நடந்த நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் பெயர்கள் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். முறையீட்டை இரு படிகள் எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கைப்பேசியில் வந்த இழிசொற்களை அருவருப்பினால் அழித்துவிடாதீர்கள்; அவை நாளைக்குச் சான்றாகும்.

இனி, கசப்பான ஒன்றையும் கூறுவேன். துணை வேண்டும் என்றேன்; கும்பல் வேண்டும் என்று கூறவில்லை. 2008ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அப்பொழுது உயர் நீதிமன்றத்தின் அருகே இருந்த சென்னைச் சட்டக் கல்லூரியில் மாணவர்கள் சாதியின் பெயரால் பிரிந்து மோதினர். காவலர்கள் பார்த்துக்கொண்டு நின்றதை நாடே தொலைக்காட்சியில் கண்டது. வழக்கு ஆண்டுக் கணக்கில் நடந்தது. 2019ஆம் ஆண்டு ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் ஓடும் பேருந்தை மறித்து மாணவர்களே மாணவர்களைப் பட்டாக்கத்தியால் வெட்டினர். 'ரூட் தல' என்று பட்டம் கட்டிக்கொண்டு பேருந்திலும் மின்சார இரயிலிலும் வீரம் காட்டுவோரின் பின்னால் செல்லாதீர்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதில் சிக்குகின்றனர். ஒரு வழக்குப் பதிவானால் அரசுப் பணிக்கான சான்று சரிபார்ப்பின்போது அது முன்னால் வந்து நிற்கும். பணம் படைத்தவன் மகன் அதைக் கடந்து செல்வான். நம் பிள்ளைக்கு ஒரு தலைமுறையே பின்னடையும்.

மனத்தில் படும் காயத்தையும் நாம் எளிதாகக் கருதக் கூடாது. 2016ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் ஹைதராபாத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2019ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் மும்பையில் பழங்குடிச் சமூகத்தில் பிறந்த இளம் மருத்துவர் பாயல் தட்வியை இழந்தோம். அவ்விருவரின் அன்னையரும் கைகோத்து அதே ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை நாடினர். கல்வி நிலையங்களில் சாதிப் பாகுபாடு ஒழிய வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரே ஒளிந்துகொள்ளவில்லை என்பதை நெஞ்சில் நிறுத்துங்கள். உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, வாழ்வே சுமையாகத் தோன்றும் நாளில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்னும் மனநல உதவி எண்ணில் இரவிலும் பகலிலும் பேசலாம். விடுதியை விட்டு ஓரிரு நாள் வீடு திரும்புவதில் இழிவு ஏதும் இல்லை.

நிறைவாக, இக்கழகத்தின் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உதவித் தொகை வழங்குவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. நகரத்திற்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அந்நகரிலேயே பணியாற்றும் நம்மவர் ஒருவரைப் பொறுப்பாளராக நியமியுங்கள். அவர் திங்கள்தோறும் ஒருமுறையேனும் அப்பிள்ளையை நேரில் காணட்டும். பிள்ளைகள் கொடுக்கும் முறையீடுகளின் படிகள் கழக அலுவலகத்தில் ஒரு கோப்பில் இருக்கட்டும். தனி மாணவன் எழுதும் கடிதத்தைக் கல்லூரி மறந்துவிடக் கூடும். கழகத்தின் பெயரால் வரும் கடிதத்திற்கு விடை கூறியே ஆக வேண்டும்.

நேற்று என்னிடம் கேட்ட அந்தத் தந்தை இக்கூட்டத்தில்தான் இருக்கின்றார். ஐயா, உங்கள் மகனிடம் இப்படிச் சொல்லி அனுப்புங்கள்: "தம்பி, தலை நிமிர்ந்து போ. கேட்டால் ஊரைச் சொல்; தெருவையும் சொல். வம்புக்குப் போகாதே. வந்த வம்பை மறைக்காதே. உனக்குப் பின்னால் நாங்கள் இருக்கின்றோம்." அச்சொல்லின் இறுதிப் பகுதியை மெய்யாக்குவது இங்குக் கூடியுள்ள நம் அனைவரின் பொறுப்பாகும்.