கரு தங்கும் முன்பே

(நமது பள்ளிவாசல் மதரஸா மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

பிள்ளைப் பேற்றை எதிர்நோக்கும் தம்பதியரின் உணவைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தபோது, இது மருத்துவர் பேச வேண்டிய பொருளல்லவா என்று முதலில் தயங்கினோம். பின்னர், சில ஆண்டுகளுக்கு முன் நாம் அடக்கம் செய்து வைத்த ஒரு சின்னஞ்சிறு ஜனாஸா நினைவுக்கு வந்தது. தயக்கம் அகன்றது.

அந்தக் குழந்தை ஒரு மணி நேரம்கூட உயிரோடு இருக்கவில்லை. தலையின் மேல் ஓடு உருவாகாமலே பிறந்திருந்தது. தகப்பனார் இரு கைகளிலும் ஏந்தி வந்தார். கபனுக்கு ஒரு முழத் துணியே போதுமானதாக இருந்தது. மறுநாள் அவர் மீண்டும் வந்து, "ஹஜ்ரத், கிரகணத்தன்று இவள் வாசலுக்கு வந்ததுதான் காரணம் என்று வீட்டில் பேசுகிறார்கள். இவள் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார். கிரகணம் எவருடைய பிறப்போடும் இறப்போடும் தொடர்புடையதன்று என்பது மார்க்கம் நமக்குத் தெளிவாகவே கற்றுத் தந்த பாடம். அதைச் சொல்லி அனுப்பினோம். "அப்படியானால் காரணம் என்ன?" என்று அவர் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை. மதரஸாவில் ஏழாண்டு ஓதியதில் அது இல்லை. பின்னர் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கே எடுத்து வைக்கிறோம்.

தாயின் வயிற்றில் கரு உருவானதும், அதன் மூளையும் முதுகுத் தண்டும் முதலில் ஒரு குழல் வடிவில் அமைகின்றன. அந்தக் குழல் கரு உண்டான நாளிலிருந்து ஏறத்தாழ 28 நாள்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மேல்முனை மூடாவிட்டால் நாம் கண்டதுபோன்ற நிலை; கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு, அதனால் கால்கள் செயலிழத்தல். அந்த 28ஆம் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அப்பெண்ணுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு வாரமே ஆகியிருக்கும். சிலருக்கு ஐயமே இப்போதுதான் எழும். மாமியாரிடம் சொல்லி, மருத்துவமனைக்குச் சென்று, செவிலியர் பெயர் பதிந்து மாத்திரை தருவதற்குள் அந்தக் கதவு மூடியோ மூடாமலோ முடிந்துவிடுகிறது.

இது சரிவர மூடுவதற்குத் தேவையான சத்துகளில் முதன்மையானது ஃபோலிக் அமிலம் எனப்படும் பி வகை வைட்டமின். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது இட்டது. ஆயினும் இச்சத்து உலகுக்குப் புலப்பட்டது அதற்கும் முன்னர், நம் நாட்டில், பெரிதும் நம் சமுதாய ஏழைப் பெண்கள் வழியாக. இதைப் பலர் அறியார்.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகி மாண்டுகொண்டிருந்தனர். கிருமியா, வேறு நோயா என்று தேடியவர், இறுதியில் வீடு வீடாக அவர்கள் என்ன உண்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். மிகக் குறைந்த சத்துள்ள உணவை உண்டவர்களும், இந்நோய்க்கு மிகுதியாக ஆளானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்களே என்று கண்டார். 1929இல் சில மாதங்கள் நம் நீலகிரியின் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1931இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். இன்று அது அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை. கோஷா என்றால் என்னவென்று இங்கே இருக்கும் முதியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திரை பேணும் பெண்களுக்காக ஏற்பட்ட மருத்துவமனை. ஈஸ்ட் சாற்றிலான மார்மைட் என்னும் மலிவான உணவுப் பொருளைக் கொடுத்தால் இந்த இரத்தசோகை நீங்குகிறது என்று 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அதில் இருந்த சத்துதான் பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது.

மார்மைட் மதுபான ஆலையில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படுவதாயிற்றே என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது. நியாயமான ஐயம்தான். இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோலிக் அமிலம் அதிலிருந்து வருவதன்று. ஆய்வுக்கூட முறையில் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. ஜெலட்டின் உறையிட்ட கேப்சூல்களில் ஐயமுள்ளவர்கள் மாத்திரை வடிவிலானதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த ஓர் ஐயத்தை முன்னிட்டு எவரும் மருந்தைக் கைவிட்டுவிடக் கூடாதென்றே இதைச் சொல்கிறோம்.

மூளை, முதுகுத்தண்டுக் குறைபாட்டுக்கும் இச்சத்துக்கும் உள்ள தொடர்பு ஐயத்திற்கிடமின்றி உறுதியானது 1991இல். ஏற்கெனவே அத்தகைய குழந்தையைப் பெற்றிருந்த பெண்கள் 1,817 பேரை ஏழு நாடுகளில் ஆராய்ந்தனர். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்டவர்களுக்கு அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. நன்மை அவ்வளவு தெளிவாகப் புலப்பட்டதால், மற்றவர்களுக்கு அதைக் கொடுக்காமல் இருப்பது முறையன்று என்று ஆய்வையே இடையில் நிறுத்திவிட்டார்கள். 72 விழுக்காடு என்றுதான் சொன்னோம், நூறு என்று சொல்லவில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் சோதனை வருவதுண்டு. ஆகவே அத்தகைய தாயை எவரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டாம்.

கருத்தரிக்க விரும்பும் பெண் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் குறைந்தது ஒரு மாதம் முன்னரே தொடங்கி, கருவுற்ற முதல் மூன்று மாதம் வரை தொடர வேண்டும் என்பது மருத்துவ உலகின் பொதுவான அறிவுரை. இந்திய அரசின் இரத்தசோகை ஒழிப்புத் திட்டமும் இதையே கூறுகிறது. கடைகளில் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையே கிடைக்கும். அது இதைப் போல் பன்னிரண்டரை மடங்கு. எது தேவை என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். முன்பு இக்குறையுள்ள குழந்தை பிறந்திருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்புக்கு மருந்து உண்டுவந்தாலோ அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களுக்கு அளவு வேறு. ரமலானில் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. இஃப்தாருக்குப் பின் உண்ணலாம்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். இது கருத்தரிக்கச் செய்யும் மருந்தன்று. உண்டாகப் போகும் குழந்தைக்கான காப்பு.

"ஒரு மாதம் முன்னர்" என்பதை நம் ஊர் வாழ்க்கையில் பொருத்திப் பாருங்கள். நம் மஹல்லாவில் எத்தனை சபுராளிகள்! துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் நாற்பது நாள், இரண்டு மாதம் விடுப்பில் வருகிறார்கள். வந்த பிறகு மருத்துவரைப் பார்க்கலாம் என்றிருந்தால் விடுப்பே முடிந்துவிடும். டிக்கெட் போட்டாயிற்று என்று கணவர் தொலைபேசியில் சொல்லும் அன்றே மனைவி மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். புதுமணத் தம்பதியருக்கும் இவ்வாறே. நிக்காஹ் தேதி குறித்து, மணமகன் ஜமாஅத்திலிருந்து கடிதம் வாங்கி, தஃப்தரில் பதிய நம் அலுவலகத்திற்கு வருவது பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்புதான். சரியாக அதுவே அந்தக் காலம். மஹர் எவ்வளவு என்று கேட்கும் வாயால் இதையும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். ஒரு துண்டுச் சீட்டு அச்சிட்டுப் படிவத்தோடு தர இசைந்திருக்கிறார்கள்.

இனி உணவு. மணம் முடிந்த கையோடு புதுமாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் உறவினர் வீடுகளில் விருந்து தொடங்குகிறது. பிரியாணி, நெய்ச்சோறு, கோழி வறுவல், மறுபடியும் பிரியாணி. ஒரு மாதம் முழுதும் கீரை என்ற ஒன்று இலையில் விழுவதில்லை. விருந்தில் முருங்கைக்கீரை வைத்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்! குழந்தைக்கு அடித்தளம் இடப்படும் மாதத்தில்தான் இந்த நிலை. விருந்தில் உள்ள நல்ல பொருள் தால்ச்சா; பருப்பில் இச்சத்து உண்டு. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, நிலக்கடலை, முட்டை, அரைக்கீரை, பசலை யாவற்றிலும் உண்டு. ஆனால் நெடுநேரம் கொதித்தால் அழிந்துவிடும்; கீரை வெந்த நீரைக் கொட்டினால் அதோடு போய்விடும். ஆகவே உணவு மட்டும் போதும் என்றிருக்காமல் மாத்திரையும் வேண்டும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பாதிக்கும் மேல். இரும்புச்சத்துக்குச் சுவரொட்டி, இறைச்சி, கீரை. கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் உடல் நன்கு ஏற்கும். உணவோடு தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம். ஈரலை மட்டும் இக்காலத்தில் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்குத் தீங்கு. "பிள்ளைக்காக" என்று நாள்தோறும் ஈரல் ஊட்டும் பாட்டிமார்கள் கவனிக்க! உடல் முழுதும் மறைத்து வெளியே செல்லும் நம் பெண்களுக்கு வெயில் படாமல் வைட்டமின் டி குறைவதும் உண்டு. இப்பகுதியின் பழைய வீடுகளில் முற்றம் இருந்தது; திரைக்குப் பங்கமின்றி வெயில் கிடைத்தது. இப்போது அதையும் மூடி அறையாக்கிவிட்டோம்.

ஆண்களே, நீங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. குழந்தையின்மைக்கு ஏறத்தாழப் பாதி இணையரில் ஆணின் குறையும் காரணமாகவோ பங்காகவோ இருக்கிறது. ஆயினும் பெண்ணை ஊர் ஊராக அழைத்துச் சென்று ஆயிரம் சோதனை செய்தபின்னும், கணவர் ஒரேயொரு விந்துப் பரிசோதனைக்கு உடன்பட மாட்டார். மாமியார் "மலடி" என்பார். மறுமணப் பேச்சு எழும். அதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டா என்று நம்மிடமே வந்து கேட்பார்கள். "முதலில் உங்கள் பரிசோதனைச் சீட்டைக் கொண்டு வாருங்கள்" என்பதே இப்போது நமது பதில். முதுமையில் குழந்தைக்காக இறைஞ்சிய நபி ஸக்கரிய்யா அலைஹிஸ்ஸலாம் அவர்கள், குறையைத் தம் மனைவி மீது மட்டும் சுமத்தாமல், தமது தளர்ந்த எலும்பையும் நரைத்த தலையையும் முதலில் சொல்லியே கேட்டார்கள்.

விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. ஆகவே புகையையும் புகையிலையையும் இன்று விட்டால் பலன் மூன்று மாதம் கழித்தே. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருகப் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசி விந்தணுவையே நிறுத்திவிடக் கூடியது, இளைஞர்கள் அறிந்துகொள்ளட்டும். "ஆண்மைச் சத்து" என்று ஆயிரக்கணக்கில் விற்கும் டப்பாக்களை வாங்கி ஏமாற வேண்டாம். அமெரிக்காவில் 2,370 தம்பதியரிடம் ஆண்களுக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்து, குழந்தைப் பேறு கூடவில்லை என்று 2020இல் வெளியிட்டார்கள். அந்தப் பணத்திற்கு வீட்டில் மீனும் பழமும் வாங்கலாம்.

ஓராண்டு இணைந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லையெனில் இருவரும் சேர்ந்தே மருத்துவரைக் காணுங்கள். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே செல்லுங்கள். சபுராளிகள் விடுப்பின் மாதங்களை மட்டும் கூட்டிக் கணக்கிட வேண்டும். "ஐந்தாண்டாகப் பிள்ளையில்லை" என்று ஊரார் சொல்லும் சில வீடுகளில் கணவன் மனைவி சேர்ந்திருந்தது மொத்தம் ஏழு மாதமாக இருக்கும்.

அடுத்து மகளிர் மருத்துவர் ஒருவர் உரையாற்ற இருக்கிறார். தாய்மார்கள் பகுதியில் ஒரு பெட்டி வைக்கப்பட்டுள்ளது. கேள்விகளைச் சீட்டில் எழுதி இடலாம், பெயர் எழுத வேண்டாம். ஆண்கள் பகுதியிலும் ஒரு பெட்டி இருக்கிறது. இதுவரை அது காலியாகவே உள்ளது.