உம்மம்மாவின் வீடு வர்த்தமானியில் வர வேண்டுமா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கத்துச் செயலாளர் என்னை மருத்துவம் பற்றித்தான் பேசச் சொன்னார். சீனி வருத்தம் பற்றி நீங்கள் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பீர்கள். அதனால் ஒரு வீட்டைப் பற்றிப் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன்.

பெரியநீலாவணையில் பிரதான வீதிக்கு மேற்கே எங்கள் உம்மம்மாவின் வீடு இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர், நீண்ட விறாந்தை, சிவப்புச் சீமெந்து நிலம். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போனது. புது ஓடு போட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கரையோர வீடுகளை வாரிக்கொண்டு போனபோது இது தப்பியது. அதுவரை எங்களுக்கு அது வெறும் வீடு. அதன் வயதையொத்த மற்ற வீடுகள் போன பிறகுதான் பழைய வீடு ஆனது.

இப்போது வீடு சாச்சியின் பெயரில். சாச்சியின் மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம், வீடு அவளுக்குத்தான். இடித்துவிட்டு மாடி வீடு கட்ட வேண்டும் என்பது அவள் விருப்பம். தொல்பொருளியல் திணைக்களத்துக்கு எழுதி வீட்டைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக்கலாமே என்பது குடும்பத்தில் சிலரின் யோசனை. அப்படிச் சொல்பவர்கள் கொழும்பிலும் லண்டனிலும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த விடயத்தில் சட்டம் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அது பழமைக்கு வைத்த எல்லை 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்குப் பிந்திய கட்டடத்தையும் அமைச்சர் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க இடமிருக்கிறது. அறிவித்துவிட்டால் திருத்தவோ மாற்றவோ கூட்டிக் கட்டவோ திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உம்மம்மா வீட்டில் கழிவறை வளவின் கடைசியில் இருக்கிறது. இரவில் அங்கே போய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வரும் மூத்தம்மாக்களை நான் வாட்டில் பார்க்கிறேன். உள்ளே ஒரு கழிவறை கட்டக் கொழும்புக்கு எழுதிக் காத்திருக்க வேண்டுமென்றால், அந்த வீட்டில் யார் குடியிருப்பார்கள்?

இன்னொரு பயமும் உண்டு, அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தார்கள். முதலில் நியமித்தவர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அதன் பின் திணைக்களத்தின் பலகையைக் கண்டால் 'காணி போய்விடுமோ' என்றுதான் இங்கே முதலில் கேட்கிறார்கள். பலகை நட்டால் வீடு பிழைக்கும் என்பதும் நிச்சயமில்லை. அறிவிக்கப்பட்ட சின்னமான நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதி 2025 செப்டெம்பர் மழையில் இடிந்து விழுந்தது.

சரி, அந்த வீட்டுக்குத் தகுதிதான் உண்டா? காரைதீவில் சுவாமி விபுலானந்தர் பிறந்த வீட்டுக்கு அந்தக் கேள்வியே எழாது. எங்கள் ஊர்ப் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்ட கவிஞர் நீலாவணன் வாழ்ந்த இடமென்றாலும் அப்படித்தான். எங்கள் வீட்டிலோ பெயர்பெற்ற ஆண் எவரும் பிறக்கவில்லை. உம்மம்மா விறாந்தையில் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தா. பின் அறையில் மருதமுனைத் தறிகளுக்கு நூல் சுற்றினார்கள். உம்மாவும் சாச்சிமாரும் மருத்துவிச்சியின் கையில் அந்த வீட்டிலேயே பிறந்தார்கள். உறுதியைப் பார்த்தால் மூன்று தலைமுறையாக உம்மாவிடமிருந்து மகளுக்கு. நமது கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள இந்த வழக்கத்தைப் பற்றி டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து எழுதினார். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து சேருவார். இப்படியொரு வீட்டை எந்தப் பட்டியலிலும் நான் காணவில்லை. என் கணிப்பில் அதற்குத் தகுதி நிச்சயம் உண்டு.

ஆனாலும் வர்த்தமானி வேண்டாம் என்றே வீட்டில் சொன்னேன். மகளுக்குப் போகும் வீடு என்பதுதான் அதன் சிறப்பு. அதைக் காப்பதாகச் சொல்லி அந்த மகளின் கையைக் கட்டினால் எதைக் காக்கிறோம்? கொழும்பில் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டின் காணி விற்கப்பட்டபோது, அதைக் கழற்றி, இலக்கமிட்டு, லுணுகங்கவில் மீண்டும் பொருத்தினார்கள். அதற்கு அறக்கட்டளையும் பணமும் இருந்தன. நம்மிடம் இல்லை. அளந்து வரைவதற்கு அவ்வளவு பணம் தேவையில்லையே.

அதனால் இடிப்பதானாலும் முதலில் அளந்து வரைபடம் எடுப்பது, உறுதிகளைப் பிரதி எடுப்பது, சாச்சி சொல்வதைப் பதிவு செய்வது என்று முடிவாகியிருக்கிறது. விறாந்தையை வைத்துக்கொண்டு பின்னால் கட்ட மகள் அரை மனதோடு சம்மதித்திருக்கிறாள். சுவரில் உப்பு ஏறியிருப்பதால் மாடியைத் தாங்குமா என்று பொறியியலாளர் பார்க்கிறார். தாங்காது என்றால் இடிக்க வேண்டியதுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் உம்மாவின், அம்மாவின் வீட்டில் எடுத்த கலியாணப் படங்கள் அலுமாரியில் இருக்கும். பின்புறம் வீடும் ஆண்டும் நிற்பவர்களின் பெயரும் எழுதி, ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை மறுபக்கம் ஊறும்.